அக்கா வைத்த பங்கு

புதுச் சோப்பை அக்கா கத்தியால் வெட்ட மாட்டார். தையல் நூலை இரண்டு ஆள்காட்டி விரலிலும் சுற்றிக்கொண்டு, சோப்பின் முதுகில் வைத்து அழுத்தி இழுப்பார். இரண்டு இழுப்பில் மூன்று துண்டு. எந்தத் துண்டு பெரிது என்று கண்டுபிடிக்க ஏழு வருஷம் முயன்றிருக்கிறேன். ஒரு நாளும் முடிந்ததில்லை.

அவர் என் கூடப்பிறந்தவர் இல்லை. என் கணவருடைய அண்ணன் மனைவி. ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. வரிசையாக மூன்று அறைகள், எதிரே சின்ன முற்றம், ஒரு சமையலறை, ஒரு குழாய். அண்ணன் தம்பி மூன்று பேரும் அங்கேதான் குடும்பம் நடத்தினார்கள். மூத்தவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். நடுவிலவரான என் கணவர் எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். இளையவர் விசைப்படகுகளுக்கு இன்ஜின் பழுது பார்ப்பவர். மாமனார் மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்விட்டார்கள். வீட்டை நடத்தியது அக்காதான். அறுபதுகளின் நடுவில், நான் கல்யாணமாகி வந்தபோது, அவருக்கு முப்பது வயது தாண்டியிருக்காது. பிள்ளை இல்லை என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

நான் மாதவரத்துக்காரி. அப்பா பால் பண்ணையில் வேலை பார்த்தார். அம்மா இல்லை. நானும் அவரும் மட்டும். வீட்டில் எனக்கென்று ஒரு தட்டு, ஒரு தலையணை, ஒரு ஜன்னல் இருந்தது. அப்படிப்பட்டவளை இந்த வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள்.

மூன்றாவது வாரம் அக்கா ஒரு நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பினார். அறையிலிருந்து வெளியே வந்தவர் உடம்பில் என் கல்யாணப் புடவை. அப்பா வாங்கித் தந்த அரக்குப் பட்டு. நான் ஒரு தடவைதான் கட்டியிருந்தேன்.

"இன்னாமே, எனக்கு நல்லாகீதா?" என்று கேட்டார்.

"நல்லாகீதுக்கா" என்றேன். வேறு என்ன சொல்வது.

"வூட்ல பட்டுன்னு ஒண்ணு இருந்தா மூணு பேருக்கும் ஆவும். உனக்கு அப்பால இன்னொருத்தி வருவா இல்ல?"

அவர் சொன்னதில் கபடம் கொஞ்சமும் கிடையாது. அதுதான் என் கஷ்டம். அவருடைய இரண்டு நல்ல புடவைகளும் அதே அலமாரியில்தான் இருந்தன. நான் கேட்காமலே எடுத்துக் கட்டலாம். கட்டினால் சந்தோஷப்படுவார். எந்தப் பொருளைக் காட்டி இது யாருது என்று கேட்டாலும் அவருக்கு ஒரே பதில்: "வூட்டுது." குடை வூட்டுது, சீப்பு வூட்டுது, வெளியே போகப் போடும் நல்ல செருப்பு வூட்டுது. மூத்தவருக்குக் கண் மங்கலாகி ஒரு மூக்குக்கண்ணாடி வாங்கினார்கள். ஒரே மாதத்தில் அதுவும் வூட்டுது ஆயிற்று. காலையில் மூத்தவர் அதைப் போட்டுக்கொண்டு செய்தித்தாள் படிப்பார். அவர் வேலைக்குப் போனதும் அக்கா அதே கண்ணாடியில் அரிசி பொறுக்குவார். மூத்தவருக்குத் தூரப் பார்வை நன்றாக இருந்ததால் கிரேனுக்குக் கண்ணாடி வேண்டாம். மாலையில் பக்கத்து வீட்டு மிலிட்டரிக்காரர் கடிதம் படிக்க இரவல் கேட்டு வருவார். அவருக்கும் கிடைக்கும்.

கடிதமும் அப்படித்தான். அப்பா எனக்கு எழுதிய முதல் இன்லேண்டை அக்கா பிரித்து மூத்தவரிடம் கொடுத்தார். அவர் சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்தார். நீ இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று அப்பா எழுதியிருந்தார். அந்த இடத்தில் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் சோற்றைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். என் அப்பா எனக்கென்று எழுதியதை நான் தனியாகப் படித்து அழ அந்த வீட்டில் வழியில்லை.

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கடைத்தெருவில் சின்னப் பூட்டு ஒன்று வாங்கி என் டிரங்குப் பெட்டிக்குப் போட்டேன். அக்கா பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் கோயிலுக்குப் போய்த் திரும்பினால் பெட்டியில் பூட்டு இல்லை. பின்கதவில் தொங்கியது. சாவி சமையலறை ஆணியில்.

"பூட்டு ஷோக்கா கீதுமே" என்றார் அக்கா. "பின்னாடி கதவுல நாயி பூந்துகினு ஒரே பேஜாரு. எங்க கெடைக்கும்னு நானே தேடிகினு இருந்தேன்."

குளியலறைக்குத் தகரக் கதவு. தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே ஒரு கல்லை நகர்த்தி முட்டுக்கொடுக்க வேண்டும். அந்த வீட்டில் நான் அழ முடிந்த இடம் அது ஒன்றுதான். அங்கேயும் கதவு தட்டப்படும்.

"உள்ள யாரு? அழுவுறியா? வெளிய வந்து அழுவுமே. குளிக்க ஆளு நிக்கிது."

வெளியே வந்தால் ஏன் அழுதாய் என்று கேட்க மாட்டார். காபி டம்ளரைக் கையில் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார்.

நான் வந்த மறுவருஷம் இளையவருக்குக் கல்யாணமாகி பிலோ வந்தாள். அவள் பெரிய குடும்பத்தில் பிறந்தவள். அக்காவின் சட்டங்கள் அவளுக்கு ஒரு பாரமே இல்லை. என் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு முதல் விருந்துக்குப் போய்விட்டு வந்து, அதைத் துவைத்து மடித்து என் மடியிலேயே வைத்தாள். அவளை வெறுக்க முடியாது. அக்காவைப் பெரியக்கா என்றும் என்னைச் சின்னக்கா என்றும் கூப்பிடுவாள். என் மூத்த மகள் செலின் பிறந்தபோது குழந்தையை அதிகம் தூக்கித் திரிந்தவள் பிலோதான்.

செலினுக்கு இரண்டு வயதானபோது என் கணவருக்கு அந்த விபத்து நடந்தது. வேலை செய்துகொண்டிருந்தபோது சங்கிலி அறுந்து இரும்புத் தகடு தொடைமேல் விழுந்தது. எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. எட்டு மாதம் படுக்கை.

அந்த எட்டு மாதத்தில் நான் இந்த வீட்டைத் தெரிந்துகொண்டேன். மூத்தவர் துறைமுகத்தில் ஷிப்டுக்கு மேல் ஷிப்ட் பார்த்தார். இளையவர் வாரம் இரண்டு தடவை என் கணவரை முதுகில் தூக்கிக்கொண்டு சந்து முனைவரை போய் ரிக்‌ஷாவில் ஏற்றுவார், ஆஸ்பத்திரியில் இறக்குவார், மறுபடி முதுகில் கொண்டுவந்து கட்டிலில் போடுவார். ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. "அண்ணாத்த, நீ ஒரு மூட்ட அரிசி கனம்கூட இல்ல" என்று சிரிப்பார். பிலோ செலினைக் குளிப்பாட்டிச் சோறூட்டித் தூங்கவைத்தாள். படுக்கைப் புண் வராமல் என் கணவரைத் திருப்பிப் போட அக்காவும் நானும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடிப்போம். அவருடைய சம்பளம் நின்றுபோனதை நான் ஒரு வேளைச் சாப்பாட்டில்கூட உணரவில்லை. மீன் துண்டு முன்பு எத்தனையோ அப்போதும் அத்தனை.

அந்தச் சமயத்தில்தான் அப்பாவும் இறந்தார். மாதவரத்து வீடு பண்ணை கொடுத்தது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். எனக்குப் போக வேறு இடம் இல்லாமல் போயிற்று. தனியாக இருந்திருந்தால் நாங்கள் மூன்று பேரும் என்ன ஆகியிருப்போம் என்று யோசித்துப் பார்ப்பேன். பதில் எனக்குத் தெரியும். அது தெரிந்த பிறகு அந்த வீட்டின் சுவர்கள் இன்னும் பக்கத்தில் வந்துவிட்ட மாதிரி இருந்தது. முன்பெல்லாம் மனதுக்குள்ளாவது கோபப்பட முடிந்தது. இப்போது எந்த வாயால் கோபப்படுவது?

என் கணவர் எழுந்து நடந்தார். கொஞ்சம் காலை இழுத்து நடப்பார். தொழிற்சாலையில் அவருக்கு உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்தார்கள். கொஞ்ச காலம் கழித்து, பஸ்ஸில் நின்றுகொண்டு வரச் சிரமம் என்று, எண்ணூரிலேயே குவார்ட்டர்ஸும் ஒதுக்கினார்கள். ஒரு அறை, ஒரு சமையலறை, வீட்டுக்குள்ளேயே குழாய். அவர் சாவியைக் கொண்டுவந்து மூத்தவரிடம் காட்டினார்.

"எதுக்கு தனியா போயி கஷ்டப்படணும்?" என்றார் மூத்தவர். "இங்க இன்னா கொற?"

குறை ஒன்றும் இல்லை. சாவியை அக்கா வாங்கிச் சமையலறை ஆணியில் மாட்டினார். சமைக்கும்போதெல்லாம் அது என் கண்ணில் படும். அப்போது நான் இரண்டாவது முறை கர்ப்பமாக இருந்தேன். பிலோவுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். அவளுக்கு இன்னும் பிள்ளை இல்லை. ஏழாம் மாதத்திலிருந்து அவள் தினமும் என் காலை மடியில் வைத்துக்கொண்டு எண்ணெய் தேய்த்துவிட்டாள். மீதி நேரத்தில் மல் துணியில் குட்டிக் குட்டிச் சட்டைகள் தைத்தாள். இத்தனை எதற்கு பிலோ என்று கேட்டால் சிரிப்பாள்.

இரண்டாவதும் பெண். பிறந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மூத்தவர் தொண்டையைச் செருமினார்.

"நடுவுலவனுக்கு ஒண்ணு கீது. இத பிலோ வளக்கட்டும். ஒரே வூடுதானே. கொயந்த எங்க போவப்போவுது?"

இளையவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனார். என் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. பிலோ தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் காதோரம் சிவந்திருந்தது. என் கணவர் தட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நானும் பேசவில்லை. பேசாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். அடுத்த ஞாயிறு ஞானஸ்நானம், அது முடிந்ததும் கோயிலிலேயே பிலோ கையில் கொடுத்துவிடுவது என்று முடிவாயிற்று.

அறைக்குள் வந்ததும் என் கணவரிடம் கேட்டேன். "நீ ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"இன்னான்னு சொல்றது?" என்றார். "எட்டு மாசம் அவன் என்ன முதுவுல தூக்கிகினு போனான். அவன் பொண்டாட்டி ஒண்ணு கேக்கறா. நான் எந்த மூஞ்சிய வச்சிகினு இல்லன்னு சொல்வேன்? நீ சொல்லு."

எதைச் சொன்னாலும் நாங்கள் தின்ற சோறு குறுக்கே வந்து நின்றது. அந்த வாரம் முழுக்கக் குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது நாள் எண்ணினேன்.

வியாழக்கிழமை மத்தியானம் ஆண்கள் யாரும் இல்லை. நான் குழாயடியில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். அக்கா வந்து எதிரே குந்தி, பாத்திரத்தில் கைவிட்டு ஒரு பிடி எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் இருவரும் மீன் தலையைக் கிள்ளிப்போட்டுக்கொண்டிருந்தோம்.

"பிலோ நல்லா வச்சிக்கும்மே" என்றார்.

நான் அடுத்த மீனை எடுத்தேன்.

"ஒரே வாசப்படி. நீ இந்த ரூம்ல, அது அந்த ரூம்ல. தெனம் பாத்துகினே இருப்ப."

"பாத்துகினே இருக்கறதுதான்க்கா முடியாது."

"முடியும்" என்றார். "நான் குடுக்கல?"

எனக்குப் புரியவில்லை. அவர் கை நிற்கவில்லை. கிள்ளிக்கொண்டே சொன்னார்.

"அத்திப்பட்டுல கீதே பொண்ணு, அது நான் பெத்தது."

அத்திப்பட்டில் என் நாத்தனார் இருந்தார். அவர் கணவருக்கு அங்கே உப்பளத்தில் வேலை. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு மகளோடு வருவார்கள். பதின்மூன்று வயதுப் பெண். கொஞ்சம் வாய்த்துடுக்கு, நன்றாகப் பாடுவாள். அக்காவை அத்த என்று கூப்பிடுவாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் அறுத்த அதே அளவு கேக்தான் அக்கா அவளுக்கும் அறுப்பார். ஏழு கிறிஸ்துமஸ் பார்த்திருக்கிறேன். யாரும் எனக்குச் சொன்னதில்லை.

"நாத்தனாருக்கு ரெண்டு தபா கலஞ்சிபோச்சி. எனக்கு மொத புள்ள. அப்ப மாமியா இருந்தாங்க. உனக்கு அடுத்தது பொறக்கும், இத அவுளுக்கு குடுத்துடுன்னாங்க. நாப்பதாம் நாளு குடுத்தேன். அடுத்தது வரல. அவ்ளோதான்." ஒரு மீனைக் கிள்ளி வீசினார். "இன்னா இப்போ? நான் துன்னாம கெடக்கறனா? தூங்காம கெடக்கறனா? செத்தா பூட்டேன்?"

அவர் என்னைத் தேற்றத்தான் வந்திருந்தார். அதில் சந்தேகமில்லை. தான் தாங்கியதை நானும் தாங்குவேன் என்று மனதார நம்பினார். எனக்கோ ஒவ்வொரு கிறிஸ்துமஸும் கண்முன் வந்து நின்றது. விடிகாலையில் அக்கா எல்லாப் பெண் பிள்ளைகளையும் வரிசையாக உட்காரவைத்துத் தலை வாரிவிடுவார். செலினுக்கு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு, யார் வந்தாலும். அத்திப்பட்டுப் பெண் முறை வரும்போது மட்டும் சீப்பை என்னிடம் நீட்டி, "நீ வாரி வுடுமே, எனக்கு அடுப்புல வேல கீது" என்று எழுந்துவிடுவார். அடுப்பில் ஒன்றும் இருக்காது.

"அப்ப அது தலைய மட்டும் நீ ஏன்க்கா வார மாட்டேன்ற?" என்று கேட்டேன்.

நான் அவரைக் குத்துவதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அக்காவின் கை நின்றது. என்னைப் பார்த்தார். பிறகு கையைக்கூடக் கழுவாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். தொட்ட வேலையைப் பாதியில் விட்டு அவர் எழுந்ததை அன்றுதான் பார்த்தேன். மீதி மீனை நானே ஆய்ந்து முடித்தேன்.

வெள்ளிக்கிழமை முழுக்க அக்கா என்னோடு பேசவில்லை. எல்லோருக்கும் பரிமாறினார், குழந்தையைக் குளிப்பாட்டினார், என் பக்கம் மட்டும் திரும்பவில்லை. நான் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன். சனிக்கிழமை காலை ஆண்கள் வேலைக்குப் போனார்கள். பிலோ மறுநாள் ஞானஸ்நானத்துக்கு மெழுகுவர்த்தியும் பூவும் வாங்கக் கிளம்பினாள். போகும்முன் குழந்தையின் உள்ளங்காலில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள்.

அவள் சந்து முனை தாண்டியதும் அக்கா என் அறைக்கு வந்தார்.

"பொட்டிய எடு" என்றார்.

"எதுக்குக்கா?"

"எடுமே ஜல்தியா. அது வந்துட்டா என்னால முடியாது."

அவரே அலமாரியைத் திறந்து என் துணிகளை டிரங்குப் பெட்டியில் போட்டார். அரக்குப் பட்டையும் வைத்தார். ஒரு கோணியில் சோற்றுப் பானை, வாணலி, இரண்டு தட்டு, கொஞ்சம் அரிசி, பருப்பு. பெட்டியை அவர் தலையில் வைத்துக்கொண்டார். நான் இடுப்பில் சின்னதும் கையில் கோணியுமாக, செலின் என் புடவையைப் பிடித்துக்கொண்டு வர, பின்கதவு வழியாக வெளியே வந்தோம். அந்த நேரத்துக்கு ரயில் இல்லை. பஸ் நிறுத்தம் வரை அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். எனக்குத்தான் யாராவது கூப்பிடுவார்களோ என்று முதுகு கூசியது.

"பிலோ கேட்டா இன்னா சொல்வ?" என்றேன்.

"நான்தான் அனுப்பிச்சேன்னு சொல்வேன்."

"உன் வூட்டுக்காரரு உன்ன சும்மா வுடமாட்டாரே?"

"அத நான் பாத்துக்கறேன். ஞானஸ்நானம் அந்தாண்ட கோயில்லயே குடு. உன் புருசன் ரெண்டு மணிக்கு வேல முடிஞ்சி வரும். கம்பெனி கேட்டாண்ட நில்லு." மடியிலிருந்து எடுத்து என் கையில் வைத்தார். "இந்தா, உன் வூட்டு சாவி."

பஸ்ஸில் பெட்டியை ஏற்றிவிட்டு அவர் உடனே திரும்பி நடந்தார். டோல்கேட்டில் பஸ் வெகுநேரம் நின்றது. இறங்கித் திரும்பிவிடலாமா என்று அங்கேயே இரண்டு தடவை எழுந்து உட்கார்ந்தேன். பூக்கூடையோடு பிலோ வீட்டுக்குள் நுழைவது கண்ணில் தெரிந்தது. நான் திருடிக்கொண்டு போவதைப் போலத்தான் என் குழந்தையை அணைத்துக்கொண்டிருந்தேன்.

தொழிற்சாலை வாசலில் எங்களைப் பார்த்த என் கணவர் பெட்டியையும் பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரு அனுப்பிச்சது?"

"அக்கா."

வெயிலில் அப்படியே நின்றார். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு காலை இழுத்தபடி முன்னால் நடந்தார்.

மறுநாள் அவர் மட்டும் ராயபுரம் போய்வந்தார். அங்கே நடந்ததை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அக்கா கூட்டிக் குறைக்காமல் உள்ளதைச் சொல்லியிருக்கிறார். பிலோ சண்டை போடவில்லை. தைத்து வைத்திருந்த சட்டைகளையெல்லாம் கொண்டுவந்து அக்கா காலடியில் அடுக்கிவிட்டு அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாளாம். அதற்கப்புறம் இரண்டு வருஷம் அவள் அக்காவோடு பேசவில்லை. கன்னியர் இல்லத்திலிருந்து ஒரு ஆண் குழந்தையை எடுத்து வளர்க்க ஆரம்பித்த பிறகுதான் பேசினாள். என்னோடு அதற்கும் பிறகு. மூத்தவர் கத்தவில்லை, அடிக்கவில்லை. கண்ணாடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போக ஆரம்பித்தார். அன்றிலிருந்து அக்கா முறத்தை எட்ட வைத்து அரிசியைத் தடவித் தடவிப் பொறுக்கினார்.

எண்ணூரில் முதல் வாரம் நான் காரணமில்லாமல் கதவைத் தாழ்போட்டுத் திறந்து பார்த்தேன். குழாயில் தண்ணீர் வரும்போது வேறு யாரும் காத்திருக்கவில்லை. என் தட்டில் நான் சாப்பிட்டேன். அந்தச் சந்தோஷம் மழைக்காலம் வரைக்கும்தான். எனக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. அவருக்கு வேலைக்குப் போகாமல் முடியாது. பக்கத்து வீடுகளில் யாரோடும் பழக்கமில்லை. மூன்று நாள் எழுந்திருக்க முடியாமல், பக்கத்தில் ஒன்று பசித்து அழ, இன்னொன்று ஈரத்தில் கிடந்து அழ, கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். நான் அத்தனை ஆசைப்பட்ட கதவை, அவர் வேலைக்குப் போனதும் செலின் உள்பக்கம் தாழிட்டிருந்தாள். எழுந்து போய் அதைத் திறக்கத் தெம்பில்லை.

நாலாம் நாள் முற்பகல் கதவு தட்டும் சத்தம். "மே, நான்தான்" என்று குரல். செலின் ஸ்டூல் போட்டு ஏறித் தாழை எடுத்தாள். அக்கா உள்ளே வந்தார், யாரிடம் கேள்விப்பட்டார் என்று சொல்லவில்லை. பிள்ளைகளைக் குளிப்பாட்டினார். கஞ்சி வைத்தார், என் தலையைத் தூக்கிப் புகட்டினார், மூன்று நாள் துணியைத் துவைத்துப் போட்டார். அரைநாளில் அந்த அறை வீடு மாதிரி ஆயிற்று. கிளம்பும்போது நான் அவர் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, நான் அங்கயே வந்துடறேன். என்னால இங்க முடியல. பிலோ கால்லகூட வுழறேன்."

"வராத" என்றார்.

"ஒண்டியா செத்துடுவேன்க்கா."

"சாவ மாட்ட. அங்க வந்தா அது மொகத்த பாத்து பாத்து ஒரு நாளு நீயே தூக்கிக் குடுத்துடுவ. உன்ன எனக்குத் தெரியும்." தலைப்பை மெதுவாக உருவிக்கொண்டார். "நீ வராத. நான் வரேன்."

வந்தார். பத்து நாளைக்கு ஒரு தடவை, வீட்டு வேலை முடித்து, சொல்லிக்கொண்டும் சொல்லிக்கொள்ளாமலும், காலை ரயிலில். வெறும் கையோடு வந்ததே இல்லை. பங்கு வைத்த பண்டம் ஏதாவது இருக்கும். மத்தியான ரயிலுக்கு அவரைக் கொண்டுவிட நானும் பிள்ளைகளோடு ஸ்டேஷன் வரை போவேன். அத்திப்பட்டு போகும் வண்டி அந்த நேரத்தில் எதிர்ப்பக்கம் முதலில் வந்து நிற்கும். வடக்கே அடுத்த ஸ்டேஷன்தான் அத்திப்பட்டு. நாலைந்து தடவை பார்த்த பிறகு ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"ஏறிப் போயிட்டு வாயேன்க்கா. சாய்ங்காலத்துக்குள்ள திரும்பிடலாம். பாத்துட்டு வந்துடலாம்ல?"

"பாத்து?" என்றார் அக்கா.

வண்டி ஊதியது. யாரோ ஓடிவந்து ஏறினார்கள்.

"அது அவுங்க புள்ளமே" என்றார். அதன் பிறகு நான் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் ராயபுரம் போகிற வண்டி வந்தது. செலினுக்கு இருமல் இருக்கிறது, வெந்நீர் கொடு என்று சொல்லிவிட்டு ஏறினார். பெட்டியில் உட்கார இடம் இருந்தது. அவர் உட்காரவில்லை. வண்டி தெற்கே நகர்ந்து போனது. கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அக்கா வடக்கே பார்த்தபடி நின்றிருந்தார்.